கார்ட்ரிட்ஜ் கோணம்: மென்பொருளுக்குத் தப்பு எண்ணைக் கொடுக்காதீர்கள்

இசைத்தட்டின் கடைசிப் பாட்டு வரும்போது மட்டும் பாடகரின் ‘ச’வும் ‘ஸ’வும் சீறுகின்றனவா? தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன், ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியான கார்ட்ரிட்ஜ் நிற்கும் கோணத்தைப் பாருங்கள். உள்வட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் குறைவு, ஒலி நெருக்கமாகப் பதிந்திருக்கும். சின்னக் கோணப் பிழைகூட அங்கே காதில் விழுந்துவிடும்.

கோணம் பார்ப்பதற்கான புரொட்ராக்டரை வரைந்து தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்கை அவை சரியாகத்தான் போடுகின்றன. கோளாறு பிரிண்டரில். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பது பெரும்பாலும் தானாகவே தேர்வாகியிருக்கும், படம் லேசாகச் சுருங்கிவிடும். 215 மி.மீ. தூரத்தில் 2 சதவீதம் என்றால் 4 மி.மீ.க்கு மேல்; நாம் திருத்தப் போவதோ அரை மில்லிமீட்டரை! அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்த கோப்பை நம் ஊர் ஏ4 தாளில் அடிக்கும்போது இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். 100 சதவீதம் என்று வைத்து அச்சிடுங்கள். தாளிலுள்ள அளவுக்கோட்டை ஸ்டீல் ரூலரால் அளந்து பார்த்த பிறகு துளை போடுங்கள். தட்டின் நடுத்துளைக்குள் நுழையும் ஸ்பிண்டில் கம்பியில் துளை ஆடினால் அந்தத் தாள் குப்பைக்குத்தான்.

அடுத்தது, எண்ணை மாற்றிப் போடுவது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் சுழலும் புள்ளிக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையே 215 மி.மீ.; அதே புள்ளியிலிருந்து ஊசி முனைவரை 230 மி.மீ. முதலாவதைக் கேட்கும் கட்டத்தில் இரண்டாவதைப் போட்டாலும் மென்பொருள் முகம் சுளிக்காமல் ஒரு படம் வரைந்து கொடுக்கும்.

எந்தக் கணக்கு முறை என்பதையும் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். பலரும் எடுப்பது பேர்வால்ட் முறை. அதில் கோணப் பிழை பூஜ்யமாகும் இடங்கள், மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. 12 அங்குல எல்பி தட்டுகளுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் வீவக வீட்டு ஸ்டோர் ரூமில் அப்பா விட்டுப்போன பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் 7 அங்குல ஈபி தமிழ்ப் படப் பாடல்களாக இருக்கலாம். அவற்றின் பள்ளம் தொடங்குவதே ஏறக்குறைய 84 மி.மீ.இல், முடிவது 60க்கும் உள்ளே. 120.9 அங்கே இருந்தும் பயனில்லை. ஸ்டீவன்சன் முறையில் உள் புள்ளி 60.3 மி.மீ.; ஈபிகளே அதிகம் கேட்பவர் அதை எடுக்கலாம் என்பது என் கருத்து. இணைய மன்றங்களில் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஊசி தட்டை அழுத்தும் எடையை முதலில் வையுங்கள், கோணம் அப்புறம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் என்றால் 1.8 கிராம். டிஜிட்டல் தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுக்கும், எண் பொய் சொல்லும். தராசு இசைத்தட்டின் உயரத்திலும் இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தினால் எடை மாறும் என்பதால் முடிவில் இன்னொரு முறை நிறுத்துப் பாருங்கள்.

கோடுகளோடு ஒப்பிட வேண்டியது கார்ட்ரிட்ஜின் உடலை அல்ல, ஊசியைத் தாங்கும் மெல்லிய கான்டிலீவரை. அது உடலுக்கு நேராக ஒட்டப்படாத கார்ட்ரிட்ஜ்களும் உண்டு. கண்ணாடிப் புரொட்ராக்டர் இருந்தால் கான்டிலீவரும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி குனிந்து பாருங்கள், பார்வைக் கோணத்தால் ஏமாற மாட்டீர்கள். கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கடைத்தொகுதியின் ஹை-ஃபை கடைகளில் அது கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். மோட்டாரை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள். கை தவறி ஸ்டார்ட் பொத்தானில் பட்டால் புரொட்ராக்டரோடு ஊசியும் போய்விடும்.