வெளிநாட்டு மேடை, திரை வாய்ப்புகள்: நடிகைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகம் பேர் கோட்டை விடுவது செல்ஃப் டேப்பில், அதாவது நீங்களே நடித்துப் பதிவுசெய்து அனுப்பும் தேர்வு வீடியோவில்தான். வேறு நாட்டில் இருக்கும் காஸ்டிங் இயக்குநருக்கு உங்களைப் பற்றித் தெரியப்போவது அந்த ஒரு வீடியோ மட்டுமே. கேமராவைக் குறுக்குவாக்கில் வைத்து, மார்புக்கு மேல் தெரியும்படி எடுங்கள். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டி, உங்கள் கண்மட்டத்தில் நிற்கட்டும். தள்ளி நின்றால் உங்கள் முகம் திரும்பிப் பாதிதான் தெரியும். மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். தணிந்து படிக்கச் சொல்லுங்கள். மேடையில் பழகியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலை இங்கும் எடுப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் அளவு போதும்.

சுயவிவரத்தில் 'பிரிட்டிஷ் உச்சரிப்பு வரும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். லண்டன் பேச்சு வேறு, யார்க்ஷயர் பேச்சு வேறு, ஸ்காட்லாந்துப் பேச்சு வேறு. ஐந்து உச்சரிப்புகளை அரைகுறையாகப் போடுவதைவிட, திடீரென்று கேட்டாலும் பிசகாமல் வரும் ஒன்று மேல்.

அடுத்தது விசா. சுற்றுலா விசாவில் போய் நடித்தால் அடுத்த விண்ணப்பமே சிக்கலாகும். அமெரிக்காவில் நடிகர்கள் பெரும்பாலும் நாடுவது ஓ-1பி, அதாவது சிறப்புத் திறமை காட்டிய கலைஞர்களுக்கான தற்காலிக வேலை விசா. இதற்கு நீங்களே மனு போட முடியாது. அங்குள்ள நிறுவனமோ ஏஜென்ட்டோ ஐ-129 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். முதல் அனுமதி அதிகபட்சம் 3 ஆண்டு. பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: மேடைக்கும் திரைக்கும் அளவுகோல் ஒன்றல்ல. சினிமா, தொலைக்காட்சி என்றால் உங்களைப் பற்றித் தொழிற்சங்கம் தரும் கருத்துக் கடிதத்தோடு தயாரிப்பாளர் தரப்பு அமைப்பின் கடிதமும் வேண்டும். நாடகத்துக்கென்று சேர்த்த கோப்பு அப்படியே செல்லாது.

விசா மனுவுக்கான ஆதாரங்களைக் கடைசி நேரத்தில் தேடுவதும் வழக்கமான தவறு. உங்கள் பெயர் அச்சான நிகழ்ச்சி அட்டை, விமர்சனம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் அவ்வப்போது சேர்த்து வையுங்கள். தமிழில் உள்ளவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் போஸ்டரில் வேறு பெயரும் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நிரூபிப்பது தனி வேலை.

பதிவுக் கட்டணம் கேட்கும் ஏஜென்ட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். முறையான ஏஜென்ட் நீங்கள் சம்பாதித்த பிறகே கமிஷன் எடுப்பார். அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தங்களில் அது வழக்கமாக 10 சதவீதம். சம்பளத்தைக் கணக்கிடும்போது வரிப் பிடித்தத்தையும் கணக்கில் எடுங்கள். அங்கு குடியிருப்பு இல்லாதவருக்கு அமெரிக்காவில் பொதுவாக 30, பிரிட்டனில் 20 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள்.

நியூயார்க்கின் பிராட்வே, லண்டனின் வெஸ்ட் எண்ட் நாடக அரங்குகளில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சி. நாடக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு படப்பிடிப்புக்கு விடுப்பு கேட்டால் கிடைப்பது அரிது. அந்த நாட்களை முன்பே எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி நடிகர் சங்கமான எஸ்ஏஜி-ஆஃப்ட்ராவில் அவசரப்பட்டு உறுப்பினராகவும் வேண்டாம். சேர்ந்த பின் எந்த நாட்டில் நடித்தாலும் சங்க ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆரம்ப காலத்துக்குக் கைகொடுக்கும், சங்க ஒப்பந்தம் இல்லாத சின்னப் படங்கள் அத்தோடு கைவிட்டுப் போகும்.