மானிட்டரைப் பிரித்து அமைக்கும்போது உள்கேபிள்களை நீட்டும் முறை

பழைய மானிட்டரின் பேனலை (படம் தெரியும் திரைப் பகுதியை) மட்டும் தனியே எடுத்துச் சுவர்ச் சட்டத்திலோ கண்ணாடிக்குப் பின்னாலோ பொருத்திவிட்டு, அதன் மின்பலகைகளைக் கீழே ஒரு பெட்டிக்குள் வைக்க விரும்புவோர் முதலில் சந்திக்கும் தடை, உள்ளே இருக்கும் கேபிள்களின் நீளம் போதாமைதான். எல்லாக் கேபிளையும் ஒரே முறையில் வெட்டி ஒட்டி நீட்டிவிட முடியாது. ஒவ்வொரு கேபிளும் எதைச் சுமக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, நீட்டினால் தாங்கக்கூடியதை நீட்டி, தாங்காததைக் குட்டையாகவே விட்டு, அதற்கேற்பப் பலகைகளின் இடத்தை முடிவு செய்வதே இந்த வேலையின் மையம்.

பிரிப்பதற்கு முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகும் மின்வழங்கிப் பலகையிலுள்ள பெரிய மின்தேக்கியில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் அது ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகச் சேர்ந்திருக்கும். 10 கிலோஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளுடன் அதன் இரு முனைகளிலும் சில நொடிகள் பிடித்து, பிறகு மல்டிமீட்டரால் அளந்து, அழுத்தம் இறங்கிவிட்டதை உறுதி செய்த பின்னரே பலகையில் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது பலகையையும் கெடுக்கும், கையையும் காயப்படுத்தும்.

திறந்தவுடன், எந்தக் கேபிள் எங்கே, எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்பதைத் தெளிவாகப் படமெடுத்துக்கொள்வது நல்லது. பேனலின் கண்ணாடி விளிம்பிலிருந்து அதன் நீண்ட பச்சைப் பலகைக்குச் செல்லும் மென்படலப் பட்டைகள் கேபிள்களே அல்ல. சில்லுகளைச் சுமக்கும் அந்தப் பட்டைகள் கண்ணாடியோடு வெப்பத்தால் ஒட்டப்பட்டவை. அவற்றை நீட்ட எந்த வழியும் இல்லை. ஒன்று கிழிந்தால் பேனல் போய்விட்டதாகவே கொள்ள வேண்டும்.

எளிதில் நீட்டக்கூடியவை பொத்தான் பலகையின் வயரும் ஸ்பீக்கர் வயரும். அழுத்தும் பொத்தான்களாக இருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் வரை சாதாரண மெல்லிய வயரே போதும். தொடு பொத்தான்களாக இருந்தால், உணர்சில்லு இருக்கும் சிறு பலகையை முழுதாக எடுத்துச் சென்று, சில்லுக்கும் முதன்மைப் பலகைக்கும் (படத்தைப் பெற்றுப் பேனலுக்கு அனுப்பும் பலகை) இடைப்பட்ட வயரை மட்டும் நீட்ட வேண்டும். சில்லுக்கும் தொடுதளத்துக்கும் இடையே வயரைச் சேர்த்தால் விரல் படாமலே பொத்தான் அழுந்தியதாகக் காட்டும்.

மின்வழங்கிப் பலகையிலிருந்து முதன்மைப் பலகைக்கு வரும் 5 வோல்ட், 12 வோல்ட் வயர்களையும் நீட்டலாம். ஆனால் வயரின் தடிமனைக் கவனிக்க வேண்டும். 26 கேஜ் (இந்த எண் கூடக் கூட வயர் மெல்லியதாகும்) செப்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.13 ஓம். அரை மீட்டர் நீட்டினால் போகவும் வரவுமாக ஒரு மீட்டர் ஆகிறது. அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.27 வோல்ட் வயரிலேயே இழக்கப்பட்டு, 5 வோல்ட் 4.73 ஆகிவிடும். படம் திடீரென மறைந்து மறைந்து வருவதற்கு இந்த இழப்பே பல நேரம் காரணம். 22 கேஜ் வயரைப் பயன்படுத்தினால் இழப்பு ஏறத்தாழ 0.1 வோல்ட்டோடு நின்றுவிடும். மூல இணைப்பில் தரைக்கு (மின்னோட்டம் திரும்பும் பொது வழிக்கு) இரண்டு மூன்று வயர்கள் இருந்தால் அத்தனையையும் நீட்ட வேண்டும். எல்லாம் தரைதானே என்று ஒன்றை மட்டும் கொண்டுசெல்வது சரியன்று. மானிட்டருக்குள் எல்லாப் பலகைகளும் ஒரே தகட்டுச் சட்டத்தில் திருகப்பட்டு, அதன் வழியாகவும் தரை இணைப்பைப் பெறுகின்றன. பிரித்து வைக்கும்போது அந்த வழி அறுபடுவதால், பேனலின் உலோகச் சட்டத்துக்கும் பெட்டிக்குள் இருக்கும் சட்டத்துக்கும் இடையே தடித்த வயர் ஒன்றைத் தனியாக இணைக்க வேண்டும். பெட்டி உலோகமாக இருந்தால் மூன்று முள் பிளக்கின் எர்த் வயரோடு அதை இணைப்பது கட்டாயம்.

திரைக்கு உள்ளிருந்து ஒளி தரும் பின்னொளியில் இரண்டு வகை உண்டு. எல்இடி பின்னொளிக்குச் செல்வது நிலையான மின்னோட்டம் என்பதால் அதன் வயரை நீட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் மின்சாரம் ஓடும்போது அந்த இணைப்பைக் கழற்றி மாட்டக் கூடாது. கழன்ற நொடியில் இயக்கிச் சுற்று அழுத்தத்தை உயர்த்தும், மீண்டும் மாட்டும்போது அது விளக்குகளைத் தாக்கும். பழைய மானிட்டர்களில் உள்ள சிசிஎஃப்எல் குழல்விளக்குகளின் கதை வேறு. தாழ்வழுத்தத்தை உயரழுத்தமாக மாற்றும் இன்வெர்ட்டரிலிருந்து அவற்றுக்குச் செல்லும் வயரில் பல நூறு வோல்ட், தொடங்கும் கணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வோல்ட், உயர் அதிர்வெண்ணில் ஓடுகிறது. வயர் நீளும்போது அருகிலுள்ள உலோகத்துக்கு மின்னோட்டம் கசிந்து விளக்கு மங்கும் அல்லது எரியாது. காப்பு தவறினால் உலோகத்துக்குத் தீப்பொறி பாயும். ஆகவே அந்த வயரைத் தொடாமல், இன்வெர்ட்டர் பலகையையே பேனலுக்கு அருகில் வைத்து, அதற்குள் நுழையும் தாழ்வழுத்த வயர்களை நீட்டுவதே சரி. மின்வழங்கியும் இன்வெர்ட்டரும் ஒரே பலகையில் இருந்தால், அந்தப் பலகை பேனலை விட்டு நகரவே கூடாது.

இனி மிகக் கடினமான கேபிள், முதன்மைப் பலகையிலிருந்து பேனலுக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் எல்விடிஎஸ் (LVDS) கேபிள். 1920×1080, 60 ஹெர்ட்ஸ் படத்துக்குப் புள்ளிக் கடிகாரம், அதாவது படப்புள்ளிகள் அனுப்பப்படும் வேகம், 148.5 மெகாஹெர்ட்ஸ். அது இரண்டு வழிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 74.25 மெகாஹெர்ட்ஸில், கடிகாரத்துக்கு ஏழு பிட் வீதம் செல்வதால், ஒவ்வொரு வயர் இணையிலும் நொடிக்கு ஏறத்தாழ 52 கோடி பிட் ஓடுகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 1.9 நானோநொடி மட்டுமே. குறியலையின் வீச்சும் சுமார் 350 மில்லிவோல்ட்தான். இத்தகைய குறியலைக்குச் சாதாரண ரிப்பன் வயர் பொருந்தாது. 100 ஓம் மின்மறுப்புள்ள (வேகமான குறியலைக்கு வயர் காட்டும் எதிர்ப்பு) முறுக்கிணை வயர், அதாவது ஒன்றோடொன்று முறுக்கிய இரு வயர்கள், தேவை.

என் கருத்தில், முதன்மைப் பலகையைப் பேனலின் பின்னாலேயே வைத்து, மூலக் கேபிளை அப்படியே விட்டு, நீளத்தை வெளியே இருக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் எடுத்துக்கொள்வதே மிகச் சிறந்த ஏற்பாடு. அதற்கு இடமே இல்லையென்றால், அதே கனெக்டரும் அதே பின் (pin, கனெக்டரின் தொடுமுள்) வரிசையும் கொண்ட நீளமான கேபிளை ஆயத்தமாக வாங்குவது அடுத்த வழி. கனெக்டர் ஒன்றாக இருந்தாலும் பின் வரிசை மாறியிருக்கலாம். பேனலின் 5 வோல்ட் தவறான பின்னுக்குப் போனால் பேனல் எரிந்துவிடும் என்பதால், மாட்டுவதற்கு முன் பழைய கேபிளோடு ஒவ்வொரு பின்னாக ஒப்பிட வேண்டும். தட்டைப் பட்டைக் கேபிள்களில், இரு முனைத் தொடுதளங்களும் ஒரே பக்கத்தில் உள்ள வகையா எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள வகையா என்பதைப் பார்க்காமல் இணைப்புப் பலகை வைத்து நீட்டினால், முதல் பின் கடைசிப் பின்னுக்குப் போய்விடும்.

வெட்டி நீட்டியே ஆக வேண்டுமென்றால், கேட்5இ நெட்வொர்க் கேபிளின் இணைகள் 100 ஓம் மின்மறுப்புள்ளவை என்பதால் அவை உதவும். எட்டு பிட் இருவழிப் பேனலுக்குப் பத்து இணைகள் வேண்டும். ஒரு கேபிளில் நான்கு இணைகளே இருப்பதால் மூன்று கேபிள்கள் தேவைப்படும். நெட்வொர்க் கேபிளில் ஒவ்வோர் இணைக்கும் முறுக்கின் நெருக்கம் வேறுபடுவதால் குறியலை வந்துசேரும் நேரமும் சற்று வேறுபடும். அரை மீட்டருக்குள் அது பொறுக்கத்தக்கது. அதற்கு மேல் போகப் பிட்டின் நேரத்தையே அது தின்னத் தொடங்கும். கனெக்டரில் சால்டர் வைக்காமல் கேபிளின் நடுவில் வெட்டி, ஒரு நேரத்தில் ஓர் இணையை மட்டும் எடுத்து, அதன் இரு வயர்களையும் ஒரே நீளத்தில் நறுக்கி, முறுக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். அடுத்த இணையின் ஒட்டை அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாது. கேபிளைச் சுற்றியிருந்த உலோகத்தாள் உறையை நீட்டிய பகுதிக்கும் தொடர்ந்து, அதைத் தரையில் இணைக்க வேண்டும். புதிய மானிட்டர்களில் எல்விடிஎஸ்ஸுக்குப் பதிலாக உள்ள இடிபி (eDP) கேபிளில் ஒரு தடத்தின் வேகமே நொடிக்கு 270 கோடி பிட்டாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம்; வயர்களும் மிக நுண்ணியவை. அதை வெட்டி ஒட்ட முயல வேண்டாம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வயரின் தொடர்ச்சியையும், 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே ஷார்ட் இல்லை என்பதையும் மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். படம் வந்தபின் தெரியும் குறைகளே தவற்றின் இடத்தைக் காட்டும். ஒரு நிறத்தின் சாயல்கள் மட்டும் படிப்படியாகக் கெட்டிருந்தால் ஒரு தரவு இணை அறுந்திருக்கக்கூடும். எழுத்துகளின் விளிம்பு இரட்டித்துப் பற்பற்களாகத் தெரிந்தால் இரு வழிகளும் இடம் மாறியிருக்கும். படமே இல்லாமல் பின்னொளி மட்டும் எரிந்தால் கடிகார இணையைப் பாருங்கள். ஆங்காங்கே புள்ளிகள் மின்னினால் நீளத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சில நிமிடங்கள் நன்றாக ஓடியதை வைத்துப் பெட்டியை மூடிவிடாமல், வெள்ளைத் திரையை முழு ஒளியில் சில மணி நேரம் ஓடவிட்டு, ஒட்டுகளும் மின்வயர்களும் சூடாகவில்லை என்பதையும், முதன்மைப் பலகையில் 5 வோல்ட் இறங்கவில்லை என்பதையும் அளந்த பிறகு மூடுங்கள்.