குழு வளரும்போது மேனேஜரின் வேலையும் மாறும்: ராக் இசைக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொடங்கிய ஒரு ராக் குழுவுக்கு மேனேஜராக வருபவர் பெரும்பாலும் அதன் முதல் ரசிகராகவே இருக்கிறார். கச்சேரிக்கு இடம் பிடிப்பது, வண்டிக்கு ஏற்பாடு செய்வது, இசைத்தட்டு நிறுவனங்களின் படியேறி இறங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அதே குழு இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டால், பழைய பாடல்களின் உரிமையைக் காப்பதும், பல நாட்டு வரிச் சட்டங்களைக் கவனிப்பதும், நூறு பேர் வேலை செய்யும் சுற்றுப்பயணத்தின் வரவுசெலவைப் பார்ப்பதும் அவருடைய வேலையாகிவிடுகின்றன. பதவியின் பெயர் மாறாததால் வேலையும் மாறவில்லை என்று எண்ணிவிடுவதுதான் நீண்டகாலக் குழுக்களின் மூலத் தவறு என்பது என் கணிப்பு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நேர்மையானவர் என்பதாலேயே எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நினைப்பது அவற்றுள் ஒன்று. பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் லிவர்பூலில் தம் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்தவர். 1961 நவம்பரில் கேவர்ன் கிளப்பில் அந்தக் குழுவைக் கேட்டவர். தோல் ஜாக்கெட்டில் திரிந்தவர்களை சூட் அணிய வைத்தார். பல நிறுவனங்கள் கைவிரித்த பின்னும் சளைக்காமல் அலைந்து, 1962இல் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் பார்லஃபோன் பிரிவில் அவர்களுக்கு இடம் பெற்றுத் தந்தார். அவருடைய அன்பையோ நாணயத்தையோ குறை சொன்னவர்கள் அரிது. ஆனால் குழுவின் பெயரையும் படத்தையும் பயன்படுத்திப் பொம்மைகளும் விக்குகளும் விற்கும் உரிமம் பேசப்பட்டபோது, வருவாயில் 90 விழுக்காடு உரிமம் பெற்றவர்களுக்கும் வெறும் 10 விழுக்காடு குழுவின் தரப்புக்கும் என்று முடிவாயிற்று. பின்னர் அந்தப் பங்கு திருத்தப்பட்டாலும், அமெரிக்காவில் விற்பனை உச்சத்தைத் தொட்ட நேரத்தில் வந்த பணத்தில் பெரும்பகுதி கைநழுவிவிட்டது. அப்படியொரு சந்தை அதற்கு முன் இருந்ததில்லை என்பதால் எப்ஸ்டைனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. கடை நடத்திய அனுபவம் எதுவரை உதவும், எங்கிருந்து அத்துறை அறிந்த வேறொருவர் தேவை என்பதைக் கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

எப்ஸ்டைன் 1967 ஆகஸ்டில் தமது 32ஆம் வயதில் இறந்தார். அடுத்து யார் என்பதைக் குழு தீர்மானித்த விதத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. 1969இல் நால்வரில் லெனன், ஹாரிசன், ஸ்டார் மூவரும் அமெரிக்க மேனேஜர் ஆலன் கிளைனைத் தேர்ந்தெடுத்தார்கள். மெக்கார்ட்னியோ தம் மனைவியின் தந்தையும் அண்ணனுமான வழக்கறிஞர்களை விரும்பினார். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் விஷயம் முடிந்ததாக மூவரும் நினைத்தார்கள். 1970 டிசம்பர் 31 அன்று கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி மெக்கார்ட்னி வழக்குத் தொடுத்தார். கச்சேரியில் எந்தப் பாட்டை முதலில் வாசிப்பது என்பதைப் பெரும்பான்மையால் தீர்க்கலாம். ஒவ்வொருவர் வருவாயிலும் கை வைக்கும் அதிகாரமுள்ள ஒருவரை அப்படி நியமிக்க முடியாது; இதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது. வாக்கில் தோற்றவர் முன்மொழிந்த ஆள் அவருடைய சொந்தக்காரராகவும் இருந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிவிடும்.

இசைத்தட்டு நிறுவனத்திடமிருந்து முன்பணம் பெரிதாக வந்தால் மேனேஜர் கெட்டிக்காரர் என்று முடிவு கட்டுவதும் ஆபத்தே. இதே கிளைன் 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸுக்காக டெக்கா நிறுவனத்திடம் பெருந்தொகை பேசி வாங்கித் தந்தபோது மற்றக் குழுக்கள் பொறாமைப்பட்டன. 1970இல் அவரை விட்டு விலகிய பிறகுதான் தங்கள் அறுபதுகளின் பதிவுகள் அவருடைய நிறுவனத்தின் கையில் இருப்பதன் முழுப் பொருளும் குழுவுக்கு விளங்கியது. அந்தப் பாடல்கள் இன்றுவரை அங்கேயே இருக்கின்றன. அடுத்து அவர்கள் பணப் பொறுப்பை ஒப்படைத்த ரூபர்ட் லோவன்ஸ்டைன் ஒரு வங்கியாளர். ராக் இசையில் அவருக்கு அவ்வளவாக நாட்டம் இருந்ததில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், 2007 வரை, அவர் அப்பொறுப்பில் இருந்தார். பிரிட்டனின் கடும் வரியிலிருந்து தப்ப 1971இல் குழு பிரான்சுக்குக் குடிபெயர்ந்ததும் அவருடைய யோசனையே. ரசிகராக இல்லாத ஒருவர் இவ்வளவு காலம் நீடித்தது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அப்போது குழுவுக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்தான் தேவைப்பட்டார். யூ2வின் மேனேஜர் பால் மெக்கின்னஸ் 1984இல் ஐலண்ட் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, பெரிய முன்பணத்தை விட்டுக்கொடுத்துப் பாடல்களின் பதிப்புரிமையைத் திரும்பப் பெற்றதும் இந்த இடத்தில் ஒப்பிடத்தக்கது.

கமிஷன் விஷயத்தில் நடக்கும் தவறு அமைதியானது. ஆண்டுகள் கழித்தே வலிக்கும். மேனேஜருக்கு வழக்கமாக 15 முதல் 20 விழுக்காடு வரை தரப்படுகிறது. அது மொத்த வருவாயிலா, செலவு போக மிஞ்சியதிலா என்பதை முதல் ஒப்பந்தத்தில் பலர் பார்ப்பதில்லை, ஏனெனில் அப்போது செலவே குறைவு. மேடை, விளக்கு, லாரிகள், தொழிலாளர்கள் என்று வளர்ந்த பிறகு நிலைமை வேறு. ஒரு சுற்றுப்பயணத்தில் 100 பங்கு வந்து 80 பங்கு செலவானால், மொத்தத்தில் 20 விழுக்காடு வாங்கும் மேனேஜர் மிஞ்சிய 20 பங்கையும் எடுத்துச் செல்வார். மேடையில் வியர்த்தவர்களுக்கு ஒன்றும் இராது. அதேபோல, மேனேஜர் விலகிய பின் அவர் காலத்துப் பதிவுகளிலிருந்து அவருக்கு எத்தனை ஆண்டுகள், எந்த விகிதத்தில் பங்கு போகும், அது எப்போது படிப்படியாகக் குறைந்து நிற்கும் என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் பழையவருக்கும் புதியவருக்கும் ஒரே வருவாயிலிருந்து இரண்டு கமிஷன் கட்ட நேரிடும்.

லெட் ஸெப்பலினின் மேனேஜர் பீட்டர் கிராண்ட் குழுவுடன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமே வைத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு வீரகதை போலச் சொல்பவர்கள் உண்டு. கச்சேரி வசூலில் 90 விழுக்காட்டைக் குழுவுக்கும் மீதியை ஏற்பாட்டாளருக்கும் என்று மாற்றிக் காட்டியவர் அவர். ஏற்பாட்டாளர்கள் கலைஞர்களை ஏமாற்றுவது சாதாரணமாக இருந்த காலத்துக்கு அவருடைய முரட்டுத்தனம் பொருந்தியது. அதே முரட்டுத்தனம் 1977இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் மேடைக்குப் பின்னால் ஏற்பாட்டாளரின் ஊழியர்கள் தாக்கப்பட்டு வழக்காகும் அளவுக்குப் போயிற்று. ஒரு கட்டத்தில் குழுவைக் காத்த குணம் அடுத்த கட்டத்தில் சுமையாகலாம். கைகுலுக்கல் ஒப்பந்தம் அவர்களுக்குப் பலித்தது என்பதற்காக மற்றவர்களும் பின்பற்றுவது விவேகமல்ல.

ஏனெனில் எழுதாமல் விட்டால் குழுவின் பெயரே பறிபோகலாம். 1974இல் ஃப்ளீட்வுட் மேக்கின் மேனேஜர் கிளிஃபர்ட் டேவிஸ், பெயர் தமக்குச் சொந்தமானது என்று சொல்லி, முற்றிலும் வேறு இசைக்கலைஞர்களைத் திரட்டி, அதே பெயரில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பினார். ரசிகர்கள் கொதித்தார்கள், பயணம் பாதியில் நின்றது, வழக்கு இழுத்தடித்தது. அதன்பின் சில ஆண்டுகள் மேலாண்மைப் பொறுப்பைக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் தாமே சுமந்தார். 1977இல் வெளிவந்த, குழுவின் மிகப் பெரிய வெற்றியான ரூமர்ஸ் அந்தக் காலத்தில் உருவானதே. சொந்த நிர்வாகம் எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனால் அது இயலாத காரியமும் அல்ல.

மேனேஜர் குழுவை நம்புகிறாரா, அதில் ஒருவரை மட்டும் நம்புகிறாரா என்பதையும் காலத்தே அறிந்துகொள்ள வேண்டும். 1968இல் பாடகரும் பாடலாசிரியருமான சிட் பாரட் பிங்க் ஃப்ளாய்டை விட்டு வெளியேறியபோது மேனேஜர்கள் பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும் அவருடனேயே போனார்கள். அவரே குழுவின் உயிர் என்பது அவர்கள் கணக்கு. மிஞ்சியவர்களுக்கு ஸ்டீவ் ஓரூர்க் மேனேஜரானார். 2003இல் இறக்கும்வரை அவரே நீடித்தார்.

பிரியும் நாள் வந்தால், அது நட்போடு வந்தாலும் சரி, சண்டையோடு வந்தாலும் சரி, முதலில் கேட்டு வாங்க வேண்டியவை கையெழுத்திட்ட எல்லா ஒப்பந்தங்களின் நகல்கள், ராயல்டி கணக்குகள், மூலப்பதிவுகள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் விவரம், குழுவின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதற்கான ஆவணம், வங்கிக் கணக்கில் கையெழுத்திட அவருக்குத் தரப்பட்ட அதிகாரத்தை நீக்கும் கடிதம் ஆகியவை. இவற்றின் பிரதிகளை முதல் நாளிலிருந்தே ஒவ்வோர் உறுப்பினரும் தம்மிடமும் வைத்திருந்தால் அந்த நாளில் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியிராது.