வங்கிக் கிளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மத்திய வங்கிப் பணிப்புரை கொழும்போடு நிற்பதில்லை

யாழ்ப்பாணத்தில் வங்கி வேலைக்குப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடமும், பழைய அலுவலர்கள் சிலரிடமும்கூட, ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. மத்திய வங்கியின் பணிப்புரையெல்லாம் தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளும், கடன் கொடுப்பதும் வைப்புச் சேர்ப்பதும்தான் கிளையின் வேலை என்பார்கள். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். நட்டத்தைத் தாங்க வங்கி சொந்த மூலதனம் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பேசல் 3 என்ற சர்வதேச விதிகள் இங்கே 2017 ஜூலையில் தொடங்கின. அதன்படி இடர் நிறையிட்ட சொத்துகளில் (கடன், முதலீடு ஒவ்வொன்றையும் அதன் ஆபத்துக்கேற்ற சதவீதத்தால், அதாவது நிறையால், பெருக்கி வரும் தொகையில்) குறைந்தது 12.5 சதவீதம் மொத்த மூலதனமாக இருக்க வேண்டும். பெரிய வங்கிகளுக்கு அதைவிடக் கூட. கடன் தரப்படுத்தல் பெறாத கம்பனி ஒன்றுக்கு 10 இலட்சம் ரூபா கொடுத்தால் நிறை 100 சதவீதம், ஆகவே 1,25,000 ரூபா மூலதனம் அதற்குள் முடங்கும். சில்லறைக் கடன் வகைக்குள் வரும் சிறு வியாபாரிக்கு நிறை 75 சதவீதம், 93,750 ரூபா போதும். அரசின் ரூபாப் பத்திரத்துக்கு நிறை 0. எந்தக் கடனை வளர்ப்பது, எதைச் சுருக்குவது என்று பணிப்பாளர் சபை யோசிக்கும்போது இந்தக் கணக்கும் மேசையில் இருக்கும்.

நிறை 0 என்றால் நட்டமும் 0 என்று நினைப்பது இன்னொரு தவறு. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. குறைந்த வட்டி தரும் பழைய அரச முறிகளின் (கடன் பத்திரங்களின்) சந்தை விலை விழுந்தது. நான்கு நாள் கழித்து அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியதாக அறிவித்தது. அரசின் டொலர் முறிகளை வைத்திருந்த வங்கிகள் பெரிய நட்ட ஒதுக்கம் போட, அதாவது வரக்கூடிய நட்டத்துக்காக இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க, வேண்டி வந்தது.

கிளையில் அடிக்கடி பிழைக்கிற இடம் 90 நாள் கணக்கு. நிலுவை 90 நாளைத் தாண்டினால்தான் பிரச்சினை என்று பலர் நம்புகிறார்கள். இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 என்ற கணக்கீட்டு விதி, 2018 ஜனவரி முதல் அதை மாற்றிவிட்டது. கடன் கொடுத்தவுடனேயே, அடுத்த 12 மாதத்துக்குள் தவணை தவறக்கூடும் என்பதைக் கணக்கிட்டு அதற்கான நட்டத்தை ஒதுக்க வேண்டும்; இது முதலாம் கட்டம். நிலுவை 30 நாளைத் தாண்டினால், மறுக்கத் தகுந்த காரணம் இல்லாவிட்டால், அது இரண்டாம் கட்டம்; கடனின் ஆயுள் முழுவதற்குமான நட்டத்தை ஒதுக்க வேண்டும். 90 நாளில் அது மூன்றாம் கட்டம், அதாவது தவறிய கடன். கொமர்ஸ் வகுப்பில் படித்த ஐயக்கடன் ஒதுக்கம் நடந்ததைப் பார்த்துப் போடுவது, இது நடக்கக்கூடியதைப் பார்த்துப் போடுவது.

இதை உருளைக்கிழங்குச் செய்கையில் வைத்துப் பாருங்கள். விதைக்கும் உரத்துக்கும் ஒக்டோபரில் கடன் எடுக்கிறார் ஒரு கமக்காரர். படிவத்தில் வழமைபோல மாதத் தவணை என்று போட்டுவிடுகிறார்கள். முதல் தவணை நவம்பரில். கிழங்கைக் கிண்டி விற்றுக் காசு கைக்கு வருவதோ பெப்ரவரி, மார்ச்சில். அதற்குள் கடன் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடுகிறது, வங்கியின் இலாபமும் குறைகிறது, நாணயமான ஒரு மனிதரின் கடன் பதிவிலும் கறை விழுகிறது. அறுவடைக்குப் பிறகு கட்டுவதாகத் தவணையை அமைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. பிழை கமக்காரரிடம் இல்லை, தவணையை எழுதியவரிடம்தான். இதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

"காணி உறுதி எங்களிட்ட இருக்குத்தானே, பிறகென்ன பயம்?" என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். பிணை இருந்தால் ஒதுக்க வேண்டிய தொகை குறையலாம், நிலுவை நாள் எண்ணிக்கை நிற்காது. நகை அடைவும் அப்படித்தான். 2013இல் உலகச் சந்தையில் தங்கம் சரிந்தபோது, பெறுமதிக்கு நெருக்கமாகக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் அடி வாங்கின. மீட்க வருவதே நட்டம் என்று ஆட்கள் நகையை விட்டுவிட்டார்கள்.

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து நிலுவையை மறைப்பது எல்லாவற்றையும்விட மோசம். கணக்கு சில மாதம் அழகாகத் தெரியும். அப்புறம் கடனாளிக்கும் வங்கிக்கும் சுமை இரட்டிக்கும். உண்மையில் கஷ்டப்படுகிறவருக்கு மறுசீரமைப்பு இருக்கிறது. அதை மறுசீரமைப்பு என்றே பதிய வேண்டும். சில மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகே அது நல்ல கட்டத்துக்குத் திரும்பலாம்.

இந்தக் கணக்கெல்லாம் சரியாக வர வேண்டுமென்றால் உள்ளகக் கட்டுப்பாடு, அதாவது ஒருவரின் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு, உயிரோடு இருக்க வேண்டும். மத்திய வங்கியின் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பணிப்புரையே, நிதி அறிக்கையிடல் மீதான உள்ளகக் கட்டுப்பாடு பற்றிப் பணிப்பாளர் சபை ஆண்டறிக்கையில் அறிக்கை தர வேண்டும் என்றது. சபை அதில் கையெழுத்திடுவது கிளையில் நடப்பதை நம்பித்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பாதிப்பேர் லீவு. இருவரிடம் இருக்க வேண்டிய பெட்டகத்தின் இரண்டு திறப்பும் ஒருவரிடமே போகிறது, சாப்பிடப் போனவரின் கடவுச்சொல்லில் மற்றவர் வேலை செய்கிறார். எல்லாரும் நம்பிக்கையான ஆட்கள்தான், சரி. ஆனால் நாளைக்குக் காசு குறைந்தால், குற்றமற்றவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையில் எதுவும் இருக்காது. லீவுப் பட்டியல் போடும்போதே திறப்பு யார் யாரிடம் என்றும் எழுதிவிடுங்கள்.

வாடிக்கையாளரும் ஒரு தவறு விடுகிறார்கள். 10 இலட்சத்தைத் தாண்டும் காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி, கறுப்புப் பணத்தைக் கண்காணிக்கும் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும் என்று கேள்விப்பட்டு, காணி விற்ற காசைத் துண்டு துண்டாக வைப்பிலிடுகிறார்கள். அந்த அறிவிப்பு குற்றச்சாட்டு அல்ல, வழமையான நடைமுறை. உடைத்துப் போடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். சந்தேக அறிக்கைக்குத் தொகை எல்லையே கிடையாது. உறுதியின் பிரதியைக் கொண்டுபோய் முழுத் தொகையையும் ஒரே தடவையில் வைப்பிலிடுங்கள்.