மதுரைக்கு ஒரு நாள்: காலையில் தெற்கு, மதியத்துக்கு மேல் வடக்கு

தேனி–மதுரை ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஊர் ஆண்டிபட்டி. சொந்தத்தில் யார் குடும்பத்தோடு மதுரைக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "மாமா, ஒரே நாள்ல என்னென்ன பார்க்கலாம்?" இப்போதெல்லாம் கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "பாப்பா பிளஸ் டூ படிக்குது, அப்படியே ரெண்டு காலேஜையும் காட்டிரலாமா?" தாராளமாகக் காட்டலாம். சங்கம் வைத்த ஊருக்குப் போய்ப் படிக்கிற இடத்தைப் பார்க்காமல் ஜிகர்தண்டா மட்டும் குடித்துவிட்டு வருவது எனக்கும் ஒப்பாது.

முதலில் ஒன்றை மனசில் வையுங்கள். மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் 12.30க்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அன்றைய திட்டம் முழுக்க இந்த நேரத்தைச் சுற்றித்தான். கோயில், திருமலை நாயக்கர் மகால், மாசி வீதிகள் எல்லாம் வைகைக்குத் தெற்கே. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, காந்தி மியூசியம், கலைஞர் நூலகம் எல்லாம் வடக்கே. ஆகவே காலையில் தெற்கு, மதியத்துக்கு மேல் வடக்கு. அங்குமிங்கும் மாறி மாறி ஆற்றைத் தாண்டினால் கோரிப்பாளையத்து நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும்.

கிழமை விஷயம். செவ்வாய், வெள்ளி கோயிலில் கூட்டம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரிசை. சித்திரைத் திருவிழாவில் குழந்தை குட்டியோடு இந்தத் திட்டம் நடக்காது, அது வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கு லீவும் காலேஜுக்கு வேலையும் உள்ள நாள்தான் தோது. காலாண்டுப் பரீட்சை லீவில் அப்படி நாள் கிடைக்கும். நவராத்திரியும் சேர்ந்து வந்தால் கோயிலில் கொலுவும் பார்க்கலாம், கூட்டத்துக்குச் சம்மதம் என்றால்.

விடிந்ததும் பஸ் ஏறிவிடுங்கள். போடி ரயில் அன்று காலையில் தோதான நேரத்துக்கு இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள், இருந்தால் ஜங்ஷனிலிருந்து டவுன் ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அப்படி ரயில் கிடைத்து, சர்க்கரை உள்ள பெரியவர்கள் கூட வந்தால் ரயிலே மேல், கக்கூஸ் வசதி உண்டு. பஸ்காரன் வாயிலிருந்து இது வருகிறதே என்று பார்க்காதீர்கள், உண்மை அதுதான். பஸ் என்றால் 5 வயது வரை டிக்கெட் கிடையாது, 12 வயது வரை அரை டிக்கெட். வயசைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பெரியவர்கள் எவ்வளவு சாமர்த்தியமாகச் சொன்னாலும் பையனே "எனக்கு ஆறு முடிஞ்சிருச்சு" என்று போட்டுக் கொடுத்துவிடுவான். எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்!

உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டியதும் பாப்பாவை எழுப்பிவிடுங்கள். காமராசர் பல்கலைக்கழகம் ரோட்டோரத்திலேயே வருகிறது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். 1978இல்தான் காமராசர் பெயர் வந்தது. மேல்படிப்புக்கு வருகிற இடம் அது, பிளஸ் டூ பிள்ளைக்கு இப்போது பஸ்ஸிலிருந்து பார்த்தால் போதும். இடப்பக்க ஜன்னலில் நாகமலை கூடவே வரும்.

கால் வலு உள்ள குடும்பம் என்றால் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்வாருங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். செட்டிப்பொடவு என்ற இடத்தில் குகைக்குள் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கல்வெட்டுகளில் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் பெயரோடு இருக்கிறார்கள். காலேஜ் பார்க்கக் கிளம்பிய நாளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. ஆனால் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்தாலும் மலையை விட்டுவிடுங்கள். அவரை அடிவாரத்தில் தனியாக உட்கார வைப்பது நன்றாக இருக்காது.

ஆரப்பாளையத்தில் இறங்கியதும் டவுன் பஸ். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆம்பளைகள் மட்டும் சில்லறை எடுத்தால் போதும்.

கோயிலுக்கு ஒன்பதரைக்குள் போய்விட்டால் நல்லது. செல்போன் உள்ளே விட மாட்டார்கள், 2018 தீ விபத்துக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. எல்லா போனையும் ஒரே ஆள் வாங்கி ஒரே இடத்தில் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். ஆளாளுக்கு ஒரு கோபுர வாசலில் கொடுத்தால் திரும்ப வாங்க நாலு வாசலும் சுற்ற வேண்டும். பையன்கள் டிரவுசரில் வர வேண்டாம், பேன்ட்டோ வேட்டியோ போடுங்கள். போன் இல்லாததால் ஆள் தவறினால் தேடுவது கஷ்டம். உள்ளே போகும்போதே "யாராவது பிரிந்தால் பொற்றாமரைக் குளத்துப் படிக்கு வந்துருங்க" என்று சின்னதுகளிடமும் சொல்லி வையுங்கள்.

அந்தக் குளத்தில்தான் சங்கப் பலகை மிதந்தது, திருக்குறளை ஏற்றுக்கொண்டது என்று கதை. சுவரில் குறளைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த குறளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் நச்சரிப்பு அடங்கும். சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் சங்கப் புலவர்கள் 49 பேருக்குச் சன்னதியே உண்டு, பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் 985தான். எண்ணப் போகாதீர்கள், நேரம் இல்லை.

சாப்பாடு கோயில் பக்கத்து வீதிகளிலேயே. எங்கள் வீட்டில் கோயிலுக்குப் போன அன்று கவுச்சி கிடையாது, அதனால் கறி தோசை ஆசையை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டு வழக்கத்தை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள், ஹோட்டல் வாசலில் நின்று பஞ்சாயத்து வைக்க வேண்டாம். அப்புறம் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சின்ன கிளாஸே வயிற்றை அடைக்கும், இரண்டு பிள்ளைக்கு ஒன்று போதும். மகால் அங்கிருந்து பக்கம்தான், 1636இல் கட்டியது. மலையை விட்டவர்களுக்கு மகாலுக்கு நேரம் இருக்கும். மலை ஏறியவர்கள் நேரே வடக்கே போங்கள்.

அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கிப் பிறகு கோரிப்பாளையத்துக்கு வந்தது. சாலமன் பாப்பையா தமிழ் நடத்தியது அங்கேதான். செங்கல் கட்டடமும் மரமுமாக உள்ளே போனதுமே சூடு தணியும். லேடி டோக் 1948இல் வந்தது, மதுரையின் முதல் பெண்கள் கல்லூரி. வாட்ச்மேனிடம் "சும்மா பார்க்க" என்றால் உள்ளே விடுவது சந்தேகம். பள்ளி அடையாள அட்டையைக் காட்டி, "அட்மிஷன் விசாரிக்கணும்" என்று சொல்லுங்கள். ஆபீசில் கேட்க வேண்டியது இது: பிள்ளை விரும்புகிற பாடம் அரசு உதவி பெறும் பிரிவில் இருக்கிறதா, சுயநிதிப் பிரிவிலா? ஒரே காலேஜ், ஒரே பாடம்தான். ஆனால் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். அடுத்தது ஹாஸ்டல். ஆண்டிபட்டியிலிருந்து தினம் போய்வந்து படிக்க முடியும் என்று சொல்கிறவர்கள் கூட்ட நேரத்து பஸ்ஸில் ஒரு வாரம் நின்று பார்க்கட்டும். பாப்பாவை மட்டும் கேண்டீன் பக்கம் அனுப்பி அங்கே படிக்கிற அக்காக்களிடம் பேசவிடுங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளையும் மனசில் உள்ளதைக் கேட்காது.

தியாகராசர் கல்லூரிதான் பார்க்க வேண்டும் என்றால் அது தெற்கே, தெப்பக்குளத்துப் பக்கம். அப்போது வடக்கில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து காந்தி மியூசியமா, நூலகமா? இரண்டில் ஒன்று. மியூசியம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது, 1959இல் நேரு திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி ஒன்று அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் அரை ஆடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான், மேலமாசி வீதியில். பெரியவர்கள் இருந்தால் மியூசியம். வால் பையன் இருந்தால் புது நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, ஏசி. இரண்டுக்கும் அன்று விடுமுறையா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஐந்திலிருந்து ஆறரை வரை பஸ் ஏற வேண்டாம். ஸ்கூல், காலேஜ், ஆபீஸ் கூட்டம் எல்லாம் ஒன்றாக வரும். எங்காவது டீயும் பருத்திப்பாலும் குடித்து நேரத்தைக் கடத்திவிட்டு ஏழு மணி வாக்கில் ஆரப்பாளையம் வாருங்கள். காளவாசலில் நின்று ஏறலாம் என்று நினைத்தால் சீட் கிடைக்காது, பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். குமட்டுகிற பிள்ளையை முன் சீட்டு ஜன்னலோரம் உட்கார வைத்து, கையில் ஒரு கேரிபேக் கொடுத்து வையுங்கள். கண்டக்டருக்குப் பெரிய உபகாரம்.