கால்சியம் சாப்பிட்டால் மட்டும் போதுமா?

இடுப்பு வலி என்றதும் மெடிக்கலில் கால்சியம் மாத்திரை வாங்கி, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து, காலை டீயோடு விழுங்குபவர்கள் நிறைய பேர். இரும்பு உடலில் சேர்வதைக் கால்சியமும் தடுக்கும், டீயும் தடுக்கும். கர்ப்பிணிகளிடம் இரண்டையும் தனித்தனி நேரத்தில் போடச் சொல்வது இதனால்தான். கால்சியம் கார்பனேட் மாத்திரை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் சாப்பாட்டோடு போடுவதே சரி. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால், உறிஞ்சப்படும் விகிதம் குறையும். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவையே சுமார் 1000 மில்லிகிராம்தான். அதில் சாப்பாட்டில் வருவதும் அடக்கம்.

அடுத்த தவறு, கீரை எல்லாம் ஒன்று என்று நினைப்பது. பாலக்கில் கால்சியம் இருக்கிறது, ஆனால் அதே கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடலுக்குக் கிடைப்பது 5 சதவீதம் அளவுதான். பாலில் இது 30 சதவீதத்தை ஒட்டி வரும். பாலக் சாப்பிட வேண்டாம் என்றில்லை, எலும்புக்காக அதையே நம்பியிருக்க வேண்டாம்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அதிலும் ஃபைட்டேட் என்ற தடை இருக்கிறது. முளைகட்டினாலோ புளிக்கவைத்தாலோ அது குறையும். முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சிய பாட்டிகளுக்கு ஃபைட்டேட் என்ற பெயர் தெரியாது, வேலை தெரிந்திருந்தது. சர்க்கரையை அள்ளிப்போட்ட மால்ட் பாக்கெட் இதற்கு ஈடாகாது. அசைவக்காரர்களுக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலி அருமையான வழி. ஆனால் கருவாடாக வேண்டாம்: உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுதலாக வெளியேறும். ஊறுகாய், அப்பளத்துக்கும் இதே கதைதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. “வயசான காலத்துல ஜீரணமாகாது” என்று முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, மூன்று வேளையும் ரசம் சாதம், கஞ்சி என்று ஓட்டுவது. எலும்பின் சட்டகமே கொலாஜன் என்ற புரதம். புரதம் குறைந்தால் தசையும் இளைத்து, கால் தடுமாறும். இடுப்பு எலும்பு முறிவது பெரும்பாலும் அப்படி விழுந்துதான். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, தயிர், அவித்த முட்டை இவற்றைப் பல் இல்லாதவரும் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சாப்பிட்ட கால்சியத்தை உடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது சாப்பாட்டில் கிடைப்பது சொற்பம். காலை ஆறு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர் அதில் மிகக் குறைவு; பதினொரு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் கை கால்களில் வெயில் படவேண்டும். வாரம் ஒன்று என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை, சொன்ன வாரங்கள் முடிந்த பிறகும் தானாகவே வாங்கிக் கரைத்துக் குடிக்கக் கூடாது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும்.