பெண் பெட்டாவைப் பிற மீன்களோடு வளர்ப்பது எப்படி?

பெட்டா என்னும் சண்டை மீனில் ஆணைவிடப் பெண் சாது என்று கடையில் சொல்வார்கள். பாதிதான் சரி. சில பெண் பெட்டாக்கள் பக்கத்தில் நீந்தும் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சில, இறக்கிய அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் மூலைக்கு விரட்டும். வாங்கும்போது இதைக் கணிக்க முடியாது. ஆகவே தொட்டிக்கு ஒரே ஒரு பெட்டா, அதுவும் கடைசியாக. நாலைந்து பெண்களை ஒன்றாக விடுவோரும் உண்டு. அனுபவம் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். ஒத்துவராவிட்டால் பிரித்து வைக்க மூடியுள்ள 15 லிட்டர் தொட்டி ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

சிங்கப்பூர் வெப்பம் பெட்டாவுக்குச் சுகம். ஹீட்டர் இல்லாமலே வீட்டுத் தொட்டி பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரியில் நிற்கும். திண்டாடுவது துணை மீன்கள்தான். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். பெட்டா மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். துணையாக விடும் ரஸ்போரா, டெட்ரா போன்ற சிறு மீன்களுக்கு அந்த வசதி இல்லை. எனவே முதலில் துணை மீன்களைத் தீர்மானியுங்கள்.

60×30×36 செ.மீ. தொட்டியில் 8 ஹார்லிகுவின் ரஸ்போரா, 5 குஹ்லி லோச் (தொட்டியின் அடியில் திரியும் மீன்), 2 நெரைட் நத்தை வைக்கலாம். ரஸ்போராவுக்குப் பதில் எம்பர் டெட்ரா 10 விடலாம். நியான் டெட்ரா எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 26 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது கடினம். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். குராமி பெட்டாவுக்கு உறவு, அதனால்தான் சண்டை. ஆண் கப்பியின் வண்ண வால் பெட்டாவைச் சீண்டும். செர்ரி இறால் குட்டி போட்டால் குட்டிகள் பெட்டாவுக்கு விருந்து. அமானோ இறால் பெரிது, தப்பிக்கும்.

இங்கே குழாய்த்தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோராமின் இருக்கிறது; அது மீனுக்கு ஆகாது. வாளியில் ஒரு ராத்திரி பிடித்துவைத்தால் போய்விடும் என்ற பழைய யோசனை குளோரினுக்குத்தான் பொருந்தும். குளோராமினை உடைத்து, அதில் வெளியாகும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் தண்ணீர் மருந்தையே (வாட்டர் கண்டிஷனர்) வாங்குங்கள். தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றுவதானால் முழுத் தொட்டியின் அளவுக்கு மருந்து விடவேண்டும்.

ஃபில்டரில் மீன் கழிவின் நச்சான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் சீக்கிரம் முடியும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டாமல் மீன் விடாதீர்கள். பிறகு வாரம் ஒருமுறை 25% தண்ணீர் மாற்றினால் போதும். பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோராமின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

பெட்டாவுக்கு வேகமான ஓட்டம் ஆகாது, மற்றவற்றுக்கோ மேற்பரப்பு அசையவேண்டும். காற்று பம்பில் ஓடும் பஞ்சு ஃபில்டர் இரண்டுக்கும் நடுவாக அமையும். பம்ப் அறைக் காற்றைத்தான் தொட்டிக்குள் தள்ளுகிறது என்பதை மறக்கவேண்டாம்: கொசு மருந்து அடிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் அதை அணைத்து, தொட்டியை மூடி, புகை விலகியபின் ஓடவிடுங்கள். கொசு மருந்து மீனுக்கு நஞ்சு. ஏர்கான் ஓடும் படுக்கையறையில் தொட்டி இருந்தால் மட்டும் 27 டிகிரிக்கு ஹீட்டர் வையுங்கள். ராத்திரி சூடு இறங்கி ஏறினால் வெண்புள்ளி நோய் வரலாம்.

பெட்டா குதிக்கும், மூடி கட்டாயம். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், மிதக்கும் செடிகளால் ஒருமுனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி மறைப்பு அமையட்டும்.

துணை மீன்கள் பழகி இரண்டு வாரம் ஆனபின் பெட்டாவை வாங்குங்கள். பெண்தானா என்று அறிய, வயிற்றின் அடியில் முட்டை வெளிவரும் இடத்தில் சிறு வெள்ளைப் புள்ளி (நோயல்ல) இருக்கிறதா பாருங்கள். எனினும் குட்டைத் துடுப்புள்ள பிளாக்காட் வகையின் இளம் ஆணிலும் அது தென்படலாம். செவுளை விரிக்கும்போது அதன் அடியில் தாடிபோன்ற பெரிய சவ்வு தெரிந்தால் ஆணோ என்று சந்தேகப்படுங்கள். இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்து நோயில்லை என்று தெரிந்தபின், அந்தத் தண்ணீரோடு பையில் எடுத்து, பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது.

முதல் நாள் ஓரிரு துரத்தல் சகஜம். ஒரே மீனை விடாமல் துரத்தினாலோ, துடுப்பு கிழிந்தாலோ பெட்டாவை மூன்று நாள் பிரித்து, செடிகளை இடம் மாற்றி, மறுபடி விடுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் தனித்தொட்டிதான். பெட்டாவின் உடலில் தலையிலிருந்து வால்பக்கம் ஓடும் கிடைக்கோடுகள் தெரிந்தால் அது பயந்திருக்கிறது. மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள் இனப்பெருக்கத்துக்குத் தயார் என்பதன் அடையாளம், மருந்து தேடி ஓடவேண்டாம்.

மிதக்கும் உருண்டைத் தீனி காலையில் 2, மாலையில் 2 பெட்டாவுக்குப் போதும். ஒரு மூலையில் அதைப் போட்டுவிட்டு மறுமூலையில் ரஸ்போராவுக்குத் தூவுங்கள். லோச்சுக்கு விளக்கணைத்தபின் மூழ்கும் உணவு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் அள்ளிக்கொட்டிவிடுவார்கள். நாலு நாள் பட்டினியை வளர்ந்த மீன் தாங்கும். அதற்குமேல் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கான தீனியைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக் கொடுங்கள்.